ரெஜிஸ்டர் யாருடையது?

1978 ஜூலை–ஆகஸ்ட் மாதங்களுக்கான ‘பெல் சிஸ்டம் டெக்னிக்கல் ஜர்னல்’ யூனிக்ஸுக்கான தனி இதழாக வந்தது. கெர்னல் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று அதில் எழுதிய கென் தாம்சன் ஒரு கணக்குச் சொல்கிறார்: சி மொழியில் ஏறக்குறைய 10,000 வரி, அசெம்ப்ளியில் ஏறக்குறைய 1,000 வரி. அந்த ஆயிரத்தையும் இரண்டாகப் பிரிக்கிறார். 200 வரி வேகத்துக்காக எழுதியது. மனம் வைத்திருந்தால் அதையும் சி-யிலேயே எழுதியிருக்கலாம். மீதி 800 வரி சி-யால் செய்யவே முடியாத வன்பொருள் வேலை. அப்படிப்பட்ட வேலைகள் தனிக் கோப்பிலிருந்து மெல்ல மெல்லக் கிளம்பி, சி நிரலின் நடுவிலேயே வந்து உட்கார்ந்த வரலாறுதான் இன்லைன் அசெம்ப்ளியின் வரலாறு. பிராசசரின் ரெஜிஸ்டர்களை நிரலாளர் தன் கைக்குள் கொண்டுவந்த வெற்றிக் கதையாகவே இதைப் பெரும்பாலும் சொல்லிவருகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. பிராசசரோடு யாருக்கும் பெரிய தகராறு இருந்ததில்லை. கட்டளையைக் கொடுத்தால் செய்துவிட்டுப் போகும். தகராறெல்லாம் நடுவில் நிற்கும் கம்பைலரோடு. எந்த ரெஜிஸ்டரில் என்ன இருக்கிறது என்று கணக்கு வைத்திருப்பது அதுதான். அதற்குத் தெரியாமல் ஒன்றில் கை வைத்தால் தவறு அந்த இடத்தில் தெரியாது, சம்பந்தமில்லாத வேறொரு வரியில், வேறொரு நாள் வெடிக்கும். ஆகவே இந்த ஐம்பதாண்டுக் கதையில் உண்மையில் வளர்ந்தது கம்பைலரிடம் நிரலாளர் கொடுக்கும் வாக்குமூலம்தான். கட்டளைகள் பெரும்பாலும் அப்படியே இருந்தன.

முதலில் சி பிறந்து வளர்ந்த எந்திரத்தைப் பார்க்க வேண்டும். டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் பிடிபி-11-இல் பொதுப் பயனுக்கான ரெஜிஸ்டர்கள் எட்டு. அதில் ஒன்று ஸ்டாக்கின் உச்சியைக் காட்டும். இன்னொன்று அடுத்த கட்டளையின் முகவரியை வைத்திருக்கும். டெனிஸ் ரிச்சியின் கம்பைலர் ‘ரெஜிஸ்டர்’ என்று அறிவித்த மாறிகளுக்கு மூன்றை விட்டுக்கொடுத்தது. மற்றவை அதன் சொந்தச் செலவுக்கு. இது வரைக்கும் எந்த எந்திரத்திலும் நடக்கக்கூடியதுதான். பிடிபி-11-இன் தனித்தன்மை வேறு: பிராசசரின் நிலையைச் சொல்லும் ரெஜிஸ்டர், நினைவகப் பாதுகாப்பு ரெஜிஸ்டர்கள், சாதனங்களின் ரெஜிஸ்டர்கள் எல்லாவற்றுக்கும் நினைவகத்தில் ஒரு முகவரி இருந்தது. நிலை ரெஜிஸ்டரின் முகவரி எண்ம முறையில் 177776. யூனிக்ஸ் ஆறாம் பதிப்பின் தலைப்புக் கோப்பில் அந்த எண்ணுக்கு ஒரு பெயர் வைத்துவிட்டார்கள். அதன்பின் அதைச் சாதாரண பாயின்டர்போல வாசிக்கலாம், எழுதலாம். ஒரு பிராசஸைத் தூங்கவைக்கும் செயற்கூறு தொடக்கத்திலேயே பிராசசரின் நிலையை ஒரு மாறியில் எடுத்து வைத்துக்கொள்கிறது, இன்டரப்ட் முன்னுரிமையைக் கூட்டிக் குறைக்கிறது, கடைசியில் பழைய நிலையை அதே முகவரியில் திரும்ப எழுதுகிறது. எடுப்பதும் திருப்பி வைப்பதும் முழுக்கச் சி. சி மொழி வன்பொருளுக்கு மிக நெருக்கமானது என்று அது பெற்ற பெயரில் பாதிப் புண்ணியம் இந்த எந்திர அமைப்பைச் சேரும். மொழி கீழே இறங்கிப் போகவில்லை. ரெஜிஸ்டர்கள்தான் மேலே ஏறி வந்து முகவரி வாங்கி வைத்திருந்தன.

ஆனால் எட்டுப் பொது ரெஜிஸ்டர்களை அப்படித் தொட முடியாது, தொட வேண்டிய இடமும் ஒன்று இருந்தது. ஒரு பிராசஸிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது ஸ்டாக் ரெஜிஸ்டரை மாற்றியே ஆகவேண்டும். ஆறாம் பதிப்பில் இதை மூன்று குட்டி அசெம்ப்ளிச் செயற்கூறுகள் செய்தன. அவற்றை அழைக்கும் சி நிரலின் பக்கத்தில், படிப்பவருக்கு இது புரியும் என்று எதிர்பார்க்கவில்லை என்ற பொருளில் ஒரு குறிப்பு இருந்தது. கணினி உலகில் அது பெரிய வேடிக்கையாகிவிட்டது, சட்டையில் அச்சடிக்கும் அளவுக்கு. பின்னாளில் ரிச்சி கொடுத்த விளக்கம் வேடிக்கையைவிட முக்கியமானது. எழுதியவர்களுக்கே அது சரிவரப் புரிந்திருக்கவில்லை என்று அவர் ஒப்புக்கொண்டார். ஒரு செயற்கூறு சேமித்து வைத்த ரெஜிஸ்டர்களை வேறொரு செயற்கூறின் திரும்பு-நிரல் மீட்டெடுக்கும்படி அந்த ஏற்பாடு இருந்தது. பிடிபி-11 கம்பைலர் எல்லாச் செயற்கூறுகளுக்கும் ஒரே மாதிரியான சேமிப்பு முறையைக் கையாண்டதால் பிழைத்துக்கொண்டது. யூனிக்ஸை இன்டர்டேட்டா எந்திரத்துக்குக் கொண்டுபோனபோது அங்கிருந்த கம்பைலர், எந்தெந்த ரெஜிஸ்டரைப் பயன்படுத்தியதோ அதற்கேற்பத் திரும்பு-நிரலை மாற்றி எழுதியது. ஏற்பாடு குலைந்தது; ஏழாம் பதிப்பில் முறையையே மாற்றினார்கள். அங்கே எந்தப் பிராசசரும் தப்புச் செய்யவில்லை. கம்பைலர் இப்படித்தான் நடந்துகொள்ளும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒரு அனுமானம் இருந்தது, அது பொய்த்தது.

1977-இல் வந்த வாக்ஸ்-11/780 இன்னொரு கதவைச் சாத்தியது. அதில் பிராசசரின் உள் ரெஜிஸ்டர்களுக்கு நினைவக முகவரி கிடையாது. எழுத ஒரு தனிக் கட்டளை, வாசிக்க ஒரு தனிக் கட்டளை. இன்டரப்ட் முன்னுரிமையை மாற்ற வேண்டுமானால் அந்தக் கட்டளையைப் போட்டே ஆகவேண்டும், பாயின்டர் உதவாது. அசெம்ப்ளிக் கோப்பில் ஒரு செயற்கூறாக எழுதி அழைக்கலாம்; ஆனால் வாக்ஸில் செயற்கூறு அழைப்பு செலவு மிகுந்தது, முன்னுரிமையை மாற்றும் வேலையோ கெர்னலில் எங்கு பார்த்தாலும் வரும். பெர்க்லியில் இதற்கு ஒரு குறுக்கு வழி பிடித்தார்கள். கம்பைலர் சி நிரலை அசெம்ப்ளி உரையாக மாற்றித் தருகிறது அல்லவா? அந்த உரையை செட் என்ற வரித்திருத்தியின் வழியே ஓட்டி, குறிப்பிட்ட செயற்கூறுகளை அழைக்கும் வரி எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் அதை நீக்கிவிட்டு உரிய கட்டளைகளைப் பொருத்தினார்கள். அதன்பிறகே அசெம்பிளருக்குப் போகும். அழகியல் தெரிந்தவர் முகம் சுளிப்பார். ஆனாலும் இந்த முறையில் கவனிக்க வேண்டிய நேர்மை ஒன்று உண்டு. கம்பைலரைப் பொறுத்தவரை அங்கே நடப்பது செயற்கூறு அழைப்பு. அழைப்பு என்றால் சில தற்காலிக ரெஜிஸ்டர்கள் அழிந்துபோகலாம் என்று அது ஏற்கெனவே ஆயத்தமாக இருக்கும். அந்த எல்லைக்குள் நின்று செட் செய்த மாற்றம் யாரையும் ஏமாற்றவில்லை.

ஏமாற்று வேலை வேறு வழியில் வந்தது. 1978-இல் கெர்னிகனும் ரிச்சியும் வெளியிட்ட சி நூலிலேயே, ‘ஏஎஸ்எம்’ என்ற சொல்லைச் சில கம்பைலர்கள் ஒதுக்கி வைத்திருக்கின்றன என்று போகிறபோக்கில் ஒரு குறிப்பு இருக்கிறது. அந்தச் சொல்லுக்குப் பின் மேற்கோள் குறிக்குள் எதை எழுதினாலும் கம்பைலர் அதைப் படிக்காது, அப்படியே அசெம்ப்ளி உரையில் கொட்டிவிடும். 1983-இல் வந்த பெர்க்லி யூனிக்ஸான 4.2 பிஎஸ்டி-யின் வாக்ஸ் பகுதியில், இன்டர்நெட் பொட்டலங்களின் கூட்டுச் சரிபார்ப்பைக் கணக்கிடும் கோப்பைத் திறந்தால் இது எப்படி வேலை செய்தது என்று கண்ணால் பார்க்கலாம். அந்தக் கணக்குக்கு, முந்தின கூட்டலில் மிஞ்சிய ஒன்றையும் சேர்த்துக் கூட்டும் கட்டளை தேவை. சி-யில் அதற்கு வழியே இல்லை. மிச்ச ஒன்று என்ற கருத்தே அந்த மொழிக்குத் தெரியாது. ஆகவே கூட்டல் முழுக்க அசெம்ப்ளி. தரவைச் சுட்டும் மாறியும் கூட்டுத்தொகை மாறியும் ‘ரெஜிஸ்டர்’ என்று அறிவிக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றின் எதிரிலும் ஒரு குறிப்பு, வாக்ஸில் இது ஆர்9 என்று தெரியும், இது ஆர்8 என்று தெரியும் என்று. கீழே அசெம்ப்ளி வரிகள் மாறிகளின் பெயரைச் சொல்வதே இல்லை, நேராக ஆர்8, ஆர்9 என்கின்றன. அந்தக் கம்பைலர் ரெஜிஸ்டர் மாறிகளை ஆர்11-இல் தொடங்கி வரிசையாகக் கீழே இறங்கி நிரப்பும் என்பதை மனிதர்கள் கவனித்து வைத்திருந்தார்கள். இரண்டு அறிவிப்பு வரிகளை யாராவது இடம் மாற்றிவிட்டால் போதும், எந்த எச்சரிக்கையும் இல்லாமல் பொட்டலங்களின் கூட்டுத்தொகை தப்பாகும். ஒப்பந்தம் இருந்தது, ஆனால் அது கம்பைலர் படிக்காத ஒரு குறிப்பில், ஒரு தரப்பின் கையெழுத்தோடு மட்டும் இருந்தது.

இதே காலத்தை ஒட்டி ஐபிஎம் பிசி-யின் பக்கம் வேறொரு தீர்வு உருவானது. நம்மூரில் பலருக்கு இதுதான் முதல் அறிமுகம். தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளின் ஆய்வகங்களில் உலகம் கைவிட்டபிறகும் நெடுங்காலம் ஓடிக்கொண்டிருந்த நீலத்திரை டர்போ சி, 1987-இல் போர்லாண்ட் வெளியிட்டது. ஏஎக்ஸ், பிஎக்ஸ் முதலிய 8086 ரெஜிஸ்டர்களுக்கு முன்னால் ஒரு அடிக்கோடு போட்டால் அவை சி மாறிகள்போல நடந்துகொள்ளும். அடிக்கோடு ஏஎக்ஸில் ஓர் எண்ணை வைத்துவிட்டு பயோஸின் திரை இன்டரப்டை எழுப்பினால் திரை கிராஃபிக்ஸுக்கு மாறிவிடும். அதைச் செய்து பார்க்காத மாணவர் குறைவு. பொறி எங்கே என்றால், ஏஎக்ஸில் மதிப்பை வைப்பதற்கும் இன்டரப்டை எழுப்புவதற்கும் நடுவில் ஏதாவது ஒரு கணக்கு வந்தால் கம்பைலர் தன் வேலைக்கு அதே ஏஎக்ஸை எடுத்துக்கொள்ளும். வைத்த மதிப்பு போயே போச்சு. நேராக அசெம்ப்ளி எழுதும் வசதியும் டர்போ சி-யில் இருந்தது, அதில் போர்லாண்ட் கொஞ்சம் கூடுதலாக யோசித்திருந்தது. கம்பைலர் அந்த வரிகளைப் படித்துப் பார்க்கும். எஸ்ஐ, டிஐ என்ற இரண்டில் எதையாவது நீங்கள் தொட்டிருந்தால் அந்தச் செயற்கூறில் தன் ரெஜிஸ்டர் மாறிகளுக்கு அதைத் தொடாது. மைக்ரோசாஃப்டின் கம்பைலரும் இதே வழியில்தான் போனது. நிரலாளர் எதையும் அறிவிக்க வேண்டாம், நாங்களே படித்துத் தெரிந்துகொள்கிறோம் என்ற கொள்கை அது. கட்டளைகள் சிலநூறு மட்டுமே உள்ள ஒரே குடும்பப் பிராசசருக்குக் கம்பைலர் எழுதுகிறவர்களால் அது முடியும்.

ரிச்சர்ட் ஸ்டால்மன் அந்த நிலையில் இல்லை. 1987 மார்ச்சில் முதல் சோதனைப் பதிப்பாக வந்த ஜிசிசி, பல பிராசசர்களுக்கும் நிரல் உருவாக்க வேண்டிய கம்பைலர். ஜாக் டேவிட்சனும் கிறிஸ்டோபர் ஃப்ரேசரும் உருவாக்கிய கருத்துகளைப் பின்பற்றி, ஒவ்வொரு பிராசசரையும் ஒரு விவரணைக் கோப்பாக எழுதிவைத்தார் அவர். அந்தக் கோப்பில் ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு பதிவு: இதன் விடை எந்த வகை ரெஜிஸ்டரில் வரும், உள்ளீடுகள் எங்கே இருக்கலாம், நினைவகத்தில் இருக்கலாமா, மாறிலியாக இருக்கலாமா. ரெஜிஸ்டர்களைப் பங்கிடும் பகுதிக்குக் கட்டளையின் பெயர் வெறும் எழுத்துச் சரம்தான். அது நம்பியிருப்பது இந்தக் கட்டுப்பாட்டு எழுத்துகளை. இன்லைன் அசெம்ப்ளிக்கு ஸ்டால்மன் கொடுத்த வடிவமும் அதுவே. முதலில் கட்டளையின் உரை. பிறகு முக்காற்புள்ளி போட்டு, விடைகள் எந்தச் சி மாறிக்குப் போகும். இன்னொரு முக்காற்புள்ளிக்குப் பின் உள்ளீடுகள். மூன்றாவதற்குப் பின் வழியில் அழிந்துபோகும் ரெஜிஸ்டர்கள். ஜிசிசி கையேட்டில் நெடுங்காலம் இருந்த எடுத்துக்காட்டு 68881 என்ற கணக்குத் துணைப் பிராசசரின் சைன் கட்டளை. ஒரு மிதவைப்புள்ளி ரெஜிஸ்டர் உள்ளே, ஒன்று வெளியே. எந்த ரெஜிஸ்டர் என்பதை எழுதுகிறவர் சொல்லவே இல்லை, கம்பைலர் தன் வசதிப்படி எடுத்துக்கொள்ளும். அதாவது சாதாரண நிரலாளர், தன் நிரலின் நடுவில், பிராசசர் விவரணைக் கோப்பில் ஒரு புதுப் பதிவைச் சேர்க்கிறார். ஆர்8 என்று தெரியும் என்ற குறிப்பு இங்கே இலக்கணமாகிவிட்டது. அடுத்தவர் சமையலறையில் சமைக்கப் போகிறவர் எதை எடுத்தேன், எதை எங்கே வைத்தேன், எதைக் கழுவாமல் விட்டேன் என்று சொல்லிவிட்டுப் போவது மாதிரியான ஏற்பாடு.

இந்த இலக்கணத்தின் மிகப் பெரிய பயனாளி நான்கு ஆண்டு கழித்து ஹெல்சிங்கியில் வந்தார். 1991 செப்டம்பரில் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ் 0.01, இன்டெல் 386-க்கென்றே எழுதியது, ஜிசிசி இல்லாமல் எழுந்திருக்கவே முடியாது. கெர்னலை அழைக்கும் முறையைப் பாருங்கள். எந்தச் சேவை வேண்டும் என்ற எண் ஈஏஎக்ஸில் இருக்க வேண்டும், அளவுருக்கள் ஈபிஎக்ஸ், ஈசிஎக்ஸ், ஈடிஎக்ஸில் இருக்க வேண்டும், பிறகு ஒரே ஒரு இன்டரப்ட் கட்டளை. விடை ஈஏஎக்ஸிலேயே திரும்பும். அசெம்ப்ளி உரை என்று பார்த்தால் அந்த ஒரு கட்டளைதான். மீதியெல்லாம் எந்த மாறி எந்த ரெஜிஸ்டரில் என்ற அறிவிப்பு. மதிப்புகளை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் நகர்த்தல் வேலை கம்பைலருடையது. முன்பே சரியான இடத்தில் இருந்தால் அது நகர்த்தவும் செய்யாது. இன்டரப்டுகளை அடைக்கும் கட்டளையும் திறக்கும் கட்டளையும் அதேபோல ஒற்றைச் சொல் மேக்ரோக்கள்.

அந்தப் பதிப்பில் சரங்களைக் கையாளும் செயற்கூறுகளும் முழுக்க இன்லைன் அசெம்ப்ளியில் இருந்தன. ஒரு சரத்தை இன்னொரு இடத்துக்கு நகலெடுக்கும் செயற்கூறை எடுத்துக்கொள்வோம். ஒரு பைட்டை ஏற்று, சேமி, பூஜ்யமா என்று சோதி, இல்லையென்றால் திரும்பிப் போ: சுழலில் நான்கு கட்டளைகள். மூலத்தின் முகவரி எஸ்ஐ-இல் உள்ளே வருகிறது, சேருமிடம் டிஐ-இல் உள்ளே வருகிறது என்று உள்ளீட்டுப் பட்டியல் சொல்கிறது. எஸ்ஐ, டிஐ, ஏஎக்ஸ் மூன்றும் அழியும் என்று கடைசிப் பட்டியல் சொல்கிறது. படிக்க நேர்மையாகத்தான் இருக்கிறது, அன்றைய ஜிசிசியும் ஏற்றுக்கொண்டது. ஆனால் ஒரே ரெஜிஸ்டர் உள்ளீடாகவும் அழிவுப் பட்டியலிலும் இருப்பது இலக்கணப்படி முரண்பாடு: அழியும் என்று சொன்ன ரெஜிஸ்டரில் உள்ளீட்டை வைக்கக் கூடாது என்பதே அந்தப் பட்டியலின் பொருள். 1990களின் பின்பாதியில் ஜிசிசியின் கிளையான ஈஜிசிஎஸ், பிறகு ஜிசிசி 2.95 என்று கம்பைலர் கெட்டிப்பட்டபோது இத்தகைய வரிகள் பிடிபட்டன, பழைய கெர்னல்கள் புதிய கம்பைலரில் ஏறவில்லை. திருத்தம் எப்படி வந்தது என்பதுதான் பார்க்க வேண்டியது. நான்கு கட்டளைகள் அப்படியே. யாரும் பிறகு வாசிக்கவே போகாத மூன்று டம்மி மாறிகளை அறிவித்து, எஸ்ஐ, டிஐ, ஏஎக்ஸில் மிஞ்சுவது விடையாக அவற்றுக்குள் போகிறது என்றார்கள். உள்ளீடுகள் அதே இடங்களில் தொடங்குகின்றன என்றார்கள். கூடவே நினைவகமும் மாறுகிறது என்று ஒரு சொல். வாக்குமூலம் கட்டளைகளைவிட நீளமாகிவிட்டது.

நினைவகம் என்ற அந்தச் சொல்லுக்குத் தனி வரலாறு உண்டு. 0.01-இல் இன்டரப்டை அடைக்கும் மேக்ரோவில் கட்டளையைத் தவிர வேறு அறிவிப்பு எதுவும் இல்லை. கட்டளை ஓடும், இன்டரப்ட் அடைபடும், சரிதான். ஆனால் அடைத்தபின் தொட வேண்டிய பொது மாறியைக் கம்பைலர் அதற்கு முன்பே வாசித்து ஒரு ரெஜிஸ்டரில் வைத்துக்கொண்டிருந்தால்? இந்தக் கட்டளைக்கும் அந்த மாறிக்கும் தொடர்பு இருப்பதாக யாரும் அதனிடம் சொல்லவில்லையே. சில ஆண்டுகளிலேயே அதே மேக்ரோவில் நினைவகம் அழியும் என்ற அறிவிப்பு சேர்ந்தது. பிராசசருக்குப் போகும் பைட் ஒன்றுதான், அதுவும் மாறவில்லை. இந்த வழியின் கடைசி எல்லை லினக்ஸில் ‘பேரியர்’ என்று பெயரிட்ட மேக்ரோ. அதன் அசெம்ப்ளி உரை வெற்றுச் சரம். ஒரு கட்டளையும் இல்லை. நினைவகம் அழியும் என்ற அறிவிப்பு மட்டும் இருக்கிறது. பிராசசர் அங்கே எதையும் பார்ப்பதில்லை, கம்பைலர் மட்டும் தான் ரெஜிஸ்டர்களில் வைத்திருக்கும் நகல்களை நம்பக் கூடாது என்று புரிந்துகொள்கிறது. பிராசசருக்காக உண்டான ஒரு வசதி, பிராசசரைத் தொடாமலேயே பயன்படும் இடத்துக்கு வந்து சேர்ந்ததை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இதற்கு மறுப்புச் சொல்லலாம். முதல் மறுப்பு, வேகத்துக்காகத்தானே இதையெல்லாம் எழுதினார்கள், கம்பைலர் பேச்சு பின்னால் ஒட்டிக்கொண்டதுதானே என்பது. எழுதியவர்களில் பலர் வேகத்துக்காகவே எழுதினார்கள் என்பது உண்மை. டோர்வால்ட்ஸின் சரச் செயற்கூறுகளே சாட்சி. ஆனால் நிலைத்தது எது என்று பார்க்க வேண்டும். தாம்சனின் கணக்கிலேயே வேகத்துக்கானது ஐந்தில் ஒரு பங்குதான். வேகம் மட்டுமே குறியாக இருந்தவர்கள் பின்னாளில் இன்லைனை விட்டு விலகினார்கள்: எக்ஸ்264 காணொளிக் குறியாக்கியின் எக்ஸ்86 அசெம்ப்ளி தனிக் கோப்புகளில் இருக்கிறது, எஃப்எஃப்எம்பெக்கும் மெல்ல மெல்ல அந்தப் பக்கமே சாய்ந்தது. நூற்றுக்கணக்கான வரி ஓடும் சுழலுக்கு ஒரு அழைப்பின் செலவு பொருட்டே இல்லை, தனிக் கோப்பில் எழுதுவது சுத்தம். இன்லைனில் தங்கியது பக்கப் பட்டியலின் முகவரியை வைத்திருக்கும் கட்டுப்பாட்டு ரெஜிஸ்டரை மாற்றுவது, இன்டரப்டை அடைப்பது, பிரிக்க முடியாத கூட்டல் செய்வது போன்ற ஒன்றிரண்டு கட்டளை வேலைகள்தான். தாம்சனின் 800 வரி வகையறா.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது: அப்படியானால் எல்லாவற்றையும் தனிக் கோப்பிலேயே வைத்திருக்கலாமே? ஆண்ட்ரூ டானன்பாம் 1987-இல் வெளியிட்ட மினிக்ஸ் அப்படித்தான் செய்தது. அசெம்ப்ளி தன் கோப்பில், சி தன் கோப்பில், நடுவில் செயற்கூறு அழைப்பு. மாணவர்களுக்குப் பாடம் நடத்த அதைவிடத் தெளிவான அமைப்பு இல்லை. 1992-இல் டானன்பாமும் டோர்வால்ட்ஸும் மோதிக்கொண்டபோது லினக்ஸ் 386-ஓடு ஒட்டிப்பிறந்தது, வேறு எந்திரத்துக்கு நகராது என்பது அவர் வைத்த குற்றச்சாட்டுகளில் ஒன்று. அதில் அன்று நியாயம் இருந்தது. ஆனாலும் தனிக் கோப்பு என்பது ஒப்பந்தம் இல்லாத நிலை கிடையாது. அழைப்பு மரபே ஒரு ஒப்பந்தம். இன்னின்ன ரெஜிஸ்டர்கள் அழியலாம், இன்னின்னவை பத்திரமாக இருக்க வேண்டும் என்று மொத்தமாக எழுதிய ஒப்பந்தம். அதன் குறை அதன் மொத்தத்தன்மைதான். இன்டரப்டை அடைக்கும் கட்டளை 386-இல் ஒரே ஒரு பைட், எந்தப் பொது ரெஜிஸ்டரையும் தொடாது. அதை அழைக்க ஐந்து பைட், திரும்ப ஒரு பைட், கூடவே மூன்று ரெஜிஸ்டர்கள் போய்விட்டதாகக் கம்பைலர் கணக்கெழுத வேண்டும். நகர்த்த முடியாது என்ற குற்றச்சாட்டையும் வரலாறு பாதி தள்ளுபடி செய்தது. 1995 மார்ச்சில் வந்த லினக்ஸ் 1.2 ஆல்ஃபா, ஸ்பார்க், மிப்ஸ் பிராசசர்களையும் சேர்த்துக்கொண்டது. ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைப்புக் கோப்பு அடைவு, அதற்குள் அதே பெயரில் மேக்ரோக்கள், உள்ளே வேறு வேறு அசெம்ப்ளி. மேலே இருக்கும் சி நிரலுக்கு வித்தியாசம் தெரியாது.

மூன்றாவது மறுப்பு மைக்ரோசாஃப்டின் செயலிலிருந்தே எழுகிறது. 2005-இல் 64 பிட் எக்ஸ்86-க்கான விஷுவல் சி கம்பைலரை விஷுவல் ஸ்டுடியோவோடு கொடுத்தபோது இன்லைன் அசெம்ப்ளியை அது தூக்கிவிட்டது. கட்டுப்பாட்டு ரெஜிஸ்டரை வாசிக்க, பிராசசர் விவரம் கேட்க என்று ஒவ்வொன்றுக்கும் கம்பைலருக்கே தெரிந்த உள்ளமைச் செயற்கூறு. அதற்கு மேல் வேண்டுமானால் தனி அசெம்ப்ளிக் கோப்பு. அப்படியானால் இன்லைனின் காலம் முடிந்ததா? இதை என் வாதத்துக்கான சான்றாகவே நான் எடுத்துக்கொள்கிறேன். நாமே படித்துத் தெரிந்துகொள்வோம் என்ற கொள்கையை அதன் பிதாமகர்களில் ஒருவரே கைவிட்டார். உள்ளமைச் செயற்கூறு என்பது கம்பைலருக்கு முழு விவரமும் முன்கூட்டியே எழுதிக்கொடுத்த கட்டளை, வாக்குமூலத்தைக் கம்பைலர் எழுதியவரே கொடுத்துவிட்ட நிலை. கம்பைலரும் இயங்குதளமும் ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தால் இது நடக்கும். மற்ற இடங்களில் உள்ளமைச் செயற்கூறு போலத் தெரிவதைத் திறந்தால் பழைய சங்கதிதான் இருக்கிறது. ஆர்ம் நிறுவனம் கோர்டெக்ஸ்-எம் பிராசசர்களுக்குத் தரும் சிஎம்எஸ்ஐஎஸ் தலைப்புக் கோப்பில் இன்டரப்டை அடைக்க அழகான பெயரில் ஒரு செயற்கூறு உண்டு. ஜிசிசிக்கான கோப்பில் அதன் உடலைப் பார்த்தால் ஒரு இன்லைன் அசெம்ப்ளிக் கட்டளையும் நினைவகம் அழியும் என்ற அறிவிப்பும். புதிய பிராசசர் வரும் நாளில் அதன் புதிய ரெஜிஸ்டரை எல்லாக் கம்பைலர்களும் அறிந்திருக்கப் போவதில்லை. கெர்னல் எழுதுகிறவரால் காத்திருக்க முடியாது.

வாக்குமூலத்தின் வடிவமும் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. 2010-இல் வந்த ஜிசிசி 4.5, அசெம்ப்ளிக்குள்ளிருந்து சி நிரலின் எந்தெந்தக் குறியிடங்களுக்குத் தாவக்கூடும் என்று அறிவிக்க வழி செய்தது. லினக்ஸ் கெர்னல் அதை எக்ஸ்86-இல் கட்டாயமாக்கியபிறகு கிளாங் கம்பைலர் அதைக் கற்றுக்கொள்ளும் வரை, 2019-இன் கிளாங் 9 வரை, அதைக்கொண்டு அந்தக் கெர்னலைக் கட்ட முடியாமல் இருந்தது. அதே 2019-இல் ஜிசிசி 9 சேர்த்த இன்னொன்று கொஞ்சம் சிரிப்பை வரவழைக்கும். அசெம்ப்ளி உரை எவ்வளவு நீளமான நிரலாகும் என்பதை ஜிசிசி அதிலுள்ள வரிகளை எண்ணி மதிப்பிடுகிறது. கெர்னலின் சில மேக்ரோக்களில் உண்மையான கட்டளை ஒன்றிரண்டுதான், மீதி வரிகள் வேறு பகுதியில் எழுதும் பட்டியல் தகவல். இதை நம்பி, குட்டிச் செயற்கூறுகளைப் பெரியவை என்று நினைத்து, கம்பைலர் அழைப்பாகவே விட்டுவிட்டது. இது பார்வைக்குத்தான் பெரிது, சிறியதாகவே எடுத்துக்கொள் என்று சொல்ல ஒரு புதுச் சொல் தேவைப்பட்டது.

2022 பிப்ரவரியில் ரஸ்ட் மொழி தன் 1.59 பதிப்பில் இன்லைன் அசெம்ப்ளியை நிலைப்படுத்தியபோது, உள்ளே வருவது, வெளியே போவது, அழிவது என்ற ஸ்டால்மன் பாகுபாட்டை ஏற்றுக்கொண்டு ஒன்றை மட்டும் தலைகீழாக்கியது. ஜிசிசியில் நினைவகம் மாறும் என்று சொல்லாவிட்டால் மாறாது என்று பொருள். ரஸ்டில் மாறாது என்று சொல்லாவிட்டால் மாறும் என்று பொருள். ஆனால் சொன்னது மெய்யா என்று இரண்டுமே சோதிப்பதில்லை. உரைக்குள் இருக்கும் கட்டளை ஒரு ரெஜிஸ்டரை அழித்து, பட்டியல் அதைச் சொல்லாமல் விட்டால், 1983-இன் வாக்ஸ் கோப்பில் அறிவிப்பு வரி இடம் மாறினால் நடந்திருக்கக்கூடியதே இன்றும் நடக்கும். ரஸ்ட் அந்த வரியைப் பாதுகாப்பற்றது என்று குறியிட்ட தொகுதிக்குள் எழுதச் சொல்வது அதனால்தான்.